கோலாலம்பூரில் பெரிய அரங்கம் பிடிப்பது: இருக்கை, கூரை, கடைசி ரயில்

கோலாலம்பூரில் தமிழ் நிகழ்ச்சிக்கு அரங்கம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர் உட்காரலாம்?" என்பதுதான். நிர்வாகம் ஓர் எண்ணைச் சொல்லும். அதை டிக்கெட் விலையால் பெருக்கி வரவு எழுதிவிடுகிறார்கள். கையைச் சுட்டுக்கொண்ட பல நிகழ்ச்சிகளின் கணக்கு அந்தப் பெருக்கலிலேயே கோணிப் போயிருக்கும்.

புக்கிட் ஜாலில் உள்ளரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. புத்ரா உள்ளரங்கம் என்று பிறந்து, 2017 முதல் ஆக்சியாத்தா அரங்கம் என்று வழங்கியது. பெயர் உரிமை விற்பனைச் சரக்கு என்பதால் பழைய ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் சுவரொட்டியில் வேறு பெயரும் இருந்தால் பதற வேண்டாம், கட்டடம் ஒன்றுதான். இருக்கை சுமார் 16,000. ஆனால் அது நடுவில் பூப்பந்து ஆடும்போது நாலாபுறமும் உட்காருகிறவர்களின் எண்ணிக்கை. மேடையை ஒரு முனையில் போட்டதும் அதன் பின்பக்க இருக்கைகள் முழுவதும் போயின. மேடையின் முன்விளிம்புக்கு இணையாக இருக்கும் பக்கவாட்டுப் பகுதிக்குப் பாடகரின் காதுதான் தெரியும். தொங்கும் ஒலிபெருக்கிகளும் எல்இடி திரையும் மேல்தட்டின் சில வரிசைகளை மறைக்கும். ஒலி, ஒளிப் பொறியாளர்கள் உட்காரும் மேடைக்கு நடுத்தரையில், பார்வைக்கு மிக நல்ல இடத்தில், 6 மீட்டருக்கு 5 மீட்டராவது வேண்டும். கேமரா மேடைகள் தனி. முனை மேடை போடும் எந்த விளையாட்டரங்கிலும் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கை இப்படிக் கழிந்துவிடும்.

தரையில் நாற்காலி போட்டு ஈடுகட்டலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான் முடியும். நாற்காலி அரை மீட்டர் அகலம், வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர். நடைபாதையும் அவசர வழியும் சேர்த்தால் ஆளுக்கு 0.7 முதல் 0.8 சதுர மீட்டர் ஆகும். 1,000 சதுர மீட்டர் தரையில் 1,250 முதல் 1,400 பேர். அதற்கு மேல் திணித்த வரைபடத்தைக் கொண்டு போனால் தீயணைப்பு மீட்புத் துறை திருப்பிக் கொடுக்கும். நாற்காலிகளை ஒன்றோடொன்று பிணைக்கச் சொல்வதும் அவர்கள்தான். நெரிசலில் தனி நாற்காலி சரிந்து காலைத் தடுக்கும் என்பதே காரணம்.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இருக்கை எண்ணிக்கையை அல்ல. "முனை மேடை போட்டு இதற்கு முன் நடந்த நிகழ்ச்சியின் இருக்கை வரைபடம் வேண்டும்" என்று கேளுங்கள். எல்லாரிடமும் இருக்கும். கேட்டால்தான் தருவார்கள்.

நடுவில் ஒரு பள்ளம்

இந்த நகரத்தின் அரங்கங்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் ஒன்று புலப்படும். அடியில் நிறைய இருக்கிறது. ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தனின் டான் ஶ்ரீ சோமா அரங்கம் நூல் வெளியீட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் காலங்காலமாகக் கைகொடுக்கிறது. 1,400 இருக்கை சொச்சத்தோடு தேசிய நாடக அரங்கான இஸ்தானா புடாயா இருக்கிறது. பழைய புடு சிறைச்சாலை இருந்த இடத்தில் 2022 இல் வந்த ஸெப் இசைக்கூடம், நின்று பார்க்கும் கூட்டமாகச் சுமார் 2,500 பேர் கொள்ளும். 2005 இல் திறந்த கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் பெரிய அரங்கில் 3,000 இருக்கை. மேலே பார்த்தால் உள்ளரங்கத்தின் 16,000, அதற்கும் மேலே, அதே புக்கிட் ஜாலிலில், 80,000 பேருக்கு மேல் கொள்ளும் தேசிய விளையாட்டரங்கம். இடையில் 1962 இல் திறந்த ஸ்டேடியம் நெகாரா ஏறத்தாழ 10,000 பேருக்கு நிற்கிறது. நாட்டின் முதல் உள்ளரங்கம் அது. கூரையில் டன் கணக்கில் சாமான் தொங்கும் காலத்துக்கு முன்பே கட்டியது.

நாலாயிரம், ஐயாயிரம், ஏழாயிரம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பின்னணிப் பாடகர் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை விழுவது இந்தப் பள்ளத்தில்தான். ஏ.ஆர். ரகுமான் 2023 ஜனவரி 28 அன்று தேசிய விளையாட்டரங்கத்தில் பாடினார். நடிகர் சங்கத்தின் நட்சத்திர விழா 2018 ஜனவரி 6 அன்று அங்கேதான் நடந்தது. விஜய் படத்தின் இசை வெளியீட்டு விழா 2025 டிசம்பர் 27 அன்று அங்கேயே. அந்த வரிசையைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள், மேடையில் நிற்கப் போகிறவர் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. 80,000 பேர் கொள்ளும் இடத்தில் 9,000 பேர் உட்கார்ந்தால் படம் பிடிக்கவே கூச்சமாக இருக்கும்.

பள்ளத்தைத் தாண்ட மூன்று வழி உண்டு. மூன்றிலும் முள் இருக்கிறது.

ஒன்று, பெரிய உள்ளரங்கத்தின் பாதியைக் கறுப்புத் திரையால் மறைப்பது. பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வாடகையும் குளிர்சாதனமும் முழு அரங்குக்குத்தான். திரையைத் தொங்கவிடும் சட்டமும் கூரைப் பாரத்தில் ஏறும்.

இரண்டு, கண்காட்சிக் கூடத்தை எடுப்பது. 2017 இல் திறந்த மைடெக் ஏறக்குறைய 45,000 சதுர மீட்டர், பதினொரு கூடங்கள். 1985 முதல் புத்ரா உலக வாணிப மையமாக இருந்த இடமும் உண்டு. தரை பெரியது, சமதளமானது. அந்தச் சமதளம்தான் வில்லங்கம். படிப்படியாக உயரும் இருக்கை இல்லாததால் இருபதாவது வரிசைக்குப் பின்னால் முன்னவர் தலைதான் காட்சி. மேடையை 1.5 முதல் 1.8 மீட்டர் உயர்த்தி, இருபுறமும் திரை வைத்தாக வேண்டும். நாற்காலி, தடுப்பு, மேடை, சில சமயம் கூடுதல் கழிவறைகூட வாடகைக்குத்தான். கூடத்தின் வாடகை மலிவு என்று போனவர்கள் இந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தபின் உள்ளரங்கத்துக்கே திரும்பி வந்ததுண்டு.

மூன்று, 3,000 இருக்கை அரங்கில் ஒரே நாளில் இரண்டு காட்சி. பிற்பகல் 3 மணி, இரவு 8 மணி. மூன்று மணி நேரம் பாடினால் இடையில் இரண்டு மணி நேரம். கூட்டத்தை வெளியேற்றி, துப்புரவு செய்து, கலைஞர்கள் சாப்பிட்டு எழ அது மட்டுமட்டாகப் போதும். பாடகர் ஒப்புக்கொண்டால் பணத்துக்கு மிகப் பாதுகாப்பான வழி இது. முதல் காட்சி விற்றுத் தீர்ந்த பிறகு இரண்டாவதைத் திறக்கலாம். இரண்டாம் காட்சிக்கும் அதே விண்ணப்பத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கூரை என்ன தாங்கும்?

விலை பேசும் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. மேடை அமைப்பாளர் வரும்போதுதான் பிரச்சினை வெளிப்படும். ஒரு சாதாரணப் பின்திரையை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். அரை மீட்டர் சதுரப் பலகைகளாகக் கோத்தால் 24 பெருக்கல் 12, அதாவது 288 பலகை. ஒன்று 8 கிலோ என்றால் 2,304 கிலோ. தாங்கு சட்டம், சங்கிலி மோட்டார், கேபிள் சேர்ந்தால் மூன்று டன்னைத் தொடும். இது பின்திரை மட்டும். இருபுறமும் ஒலிபெருக்கி அடுக்கு பக்கத்துக்கு ஒரு டன்னுக்குக் குறையாது. அதன்மேல் விளக்குச் சட்டங்கள்.

அரங்கத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை: கூரையில் தொங்கு புள்ளிகள் எங்கெங்கே உள்ளன, ஒரு புள்ளி எவ்வளவு தாங்கும், எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து எவ்வளவு தாங்கும். கடைசி எண்தான் முக்கியம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு டன் தாங்கும் என்றால் முப்பது புள்ளியும் சேர்ந்து முப்பது டன் தாங்கும் என்று பொருளாகாது. கூரை போதாதென்றால் தரையில் கோபுரம் நிறுத்தி அதில் தொங்கவிடலாம். அதற்குக் கூடுதல் ஒரு நாள், கூடுதல் பணம். கோபுரக் கால்களுக்காகச் சில நல்ல இருக்கைகளும் போகும்.

சாமான் இறக்கும் வாசலையும் போய் அளந்து பாருங்கள். லாரி பின்வாங்கி மேடைக்கு நேராக வந்தால் இரண்டு மணி நேர வேலை. மின்தூக்கியில் ஏற்றி மேல்மாடிக்குக் கொண்டு போவதென்றால் அரை நாள்.

மின்சாரம் மும்முனை, 50 ஹெர்ட்ஸ். எத்தனை ஆம்பியர் மேடைக்கு அருகே கிடைக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி இணைப்பு அல்லது தனித்தனி ஜெனரேட்டர் கட்டாயம் வேண்டும். ஒன்றாக இழுத்தால் விளக்கு மங்கி ஏறும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ரீங்காரம் கேட்கும். ஒன்று படுத்தால் மற்றதும் படுக்கும். இருட்டில் பல்லாயிரம் பேர் இருக்கும்போது அறிவிப்பு செய்ய ஒலிவாங்கியாவது உயிரோடிருக்க வேண்டும்.

விளையாட்டரங்கத்தில் பாட்டு

புக்கிட் ஜாலில் உள்ளரங்கத்தில் பூப்பந்து வீரர்கள் காற்றோட்டத்தைப் பற்றிப் புலம்புவார்கள். நம்மவர்கள் எதிரொலியைப் பற்றி. எதிரொலிக்குக் காரணம் அந்தக் கட்டடத்தின் உட்புறம் அவ்வளவு பெரிதாக இருப்பதுதான். கான்கிரீட்டும் தகரக் கூரையும் பிளாஸ்டிக் இருக்கையுமாக இருக்கும் இந்த வகைக் கட்டடங்களில், ஆளில்லாதபோது ஒலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகலாம். மாலை ஒத்திகையில் கேட்டது வேறு, ஆள் நிறைந்தபின் கேட்பது வேறு. மிருதங்கத்தின் இடந்தலையும் தவிலும் இங்கே கூழாகும். பாடல் வரி கலங்கும். ஒலிப் பொறியாளர் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். பெட்டிகளைக் கூட்டத்தின் பக்கம் சாய்த்து, பின்சுவருக்கும் கூரைக்கும் ஒலி போகாமல் தடுப்பதும், காலியான இருக்கைப் பகுதிகளில் கனத்த திரை தொங்கவிடுவதும்தான் மருந்து.

திறந்தவெளி விளையாட்டரங்கத்தில் தொல்லை வேறு மாதிரி. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பாட்டு 0.2 விநாடி தாமதமாகக் கேட்கும். அங்கே துணை ஒலிபெருக்கிக் கோபுரம் வைத்தால் அதன் ஒலியையும் அதே 0.2 விநாடி தாமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். திடலில் வேறு கவலையும் உண்டு. தேசிய விளையாட்டரங்கத்தின் பழைய புல்லை எடுத்துவிட்டு 2023 இல் ஸியோன் சோய்சியா புல் போட்டார்கள். அதன் மேல் பலகை விரித்தால் வெயில் படாத நாள் ஒவ்வொன்றும் புல்லுக்குக் கேடு. அதனால் திடலைப் பயன்படுத்தும் நாட்களில் நிர்வாகம் பிடிவாதமாக இருக்கும். காற்பந்து அட்டவணைக்குத்தான் அங்கே முதல் மரியாதை.

விளக்கும் புகையும்

தமிழ் நிகழ்ச்சி என்றால் குத்துவிளக்கு உண்டு. ஐந்து முகம் ஏற்றி, கற்பூரமும் காட்டலாம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கும். மாநாட்டு மையங்களில் திறந்த தீ பொதுவாகத் தடை. முன்கூட்டி எழுதிக் கேட்டால், விளக்கின் அடியில் தீப்பிடிக்காத தட்டு, பக்கத்தில் தீயணைப்பான், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் என்ற நிபந்தனையோடு பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அன்று காலையில் கேட்டால் மின்விளக்குச் சுடரைத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அமைச்சர் சுவிட்சைப் போடும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மேடைப் புகை. ஒளிக்கற்றை தெரியப் புகை வேண்டும். உயரமான கூடங்களில் கூரைக்குக் கீழே ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒளி பாய்ச்சிப் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கும். மெல்லிய புகைகூட அதை மறைக்கும். மறைத்தால் எச்சரிக்கை மணி, உடனே விளக்கெல்லாம் எரியும், பாட்டு நிற்கும். அந்தப் பகுதியின் கருவியை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி, அதற்குப் பதில் ஆள் போட்டுக் கண்காணிப்பதே நடைமுறை. யார் நிறுத்துவது, எத்தனை மணிக்கு, எப்போது திரும்பப் போடுவது என்பது ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும்.

வாடகை ஒரு இரவுக்கு இல்லை

"அண்ணே, சனிக்கிழமை மட்டும்தான் வேணும்" என்று தொடங்கும் பேச்சு மூன்று நாள் ரசீதில் முடியும். உள்ளரங்க நிகழ்ச்சிக்கு வியாழன் காலையில் கூரையில் சாமான் தொங்கவிடும் வேலை, வெள்ளி ஒலி ஒளிச் சரிபார்ப்பு, சனி நிகழ்ச்சி, ஞாயிறு விடியுமுன் காலி செய்ய வேண்டும். திறந்த விளையாட்டரங்கம் என்றால் ஐந்து முதல் ஏழு நாள். அமைக்கும் நாளுக்கு வாடகை குறைவு, ஆனால் குளிர்சாதனம் கேட்டால் மணிக்கு இவ்வளவு என்று தனி. நேரம் கடந்தால் தனி. மின்சாரம், பாதுகாவலர், துப்புரவு, கூரையில் சாமான் தொங்கவிடும் அரங்கத்தின் சொந்தப் பணியாளர்கள் எல்லாம் தனி.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு இதில் சாப்பாடு சேரும். பெரிய மையங்கள் வெளிச் சமையலை உள்ளே விடுவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாழை இலைச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறலாம் என்று திட்டமிட்டவர்கள், ஆள் ஒருவருக்கு இத்தனை ரிங்கிட் என்ற மையத்தின் பட்டியலைப் பார்த்துத் திகைப்பார்கள். புரட்டாசியில் மாநாடு என்றால் சைவம் கேட்பவர் பாதிக்கு மேல் இருப்பார்கள். இதைச் சமையல்கூடத்திடம் எழுத்தில் சொல்லாவிட்டால் சைவ வரிசை அரை மணியில் தீர்ந்துபோகும்.

நாள் பார்ப்பதும் இதில் அடக்கம். 2027 தொடக்கத்தைப் பாருங்கள்: தைப்பூசம் ஜனவரி 22, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, நோன்பு பிப்ரவரி 8 வாக்கில், நோன்புப் பெருநாள் மார்ச் 10 வாக்கில். இந்த ஏழு வாரத்தில் பெரிய இசை நிகழ்ச்சிக்குத் தோதான சனிக்கிழமை ஒன்றிரண்டுகூடத் தேறாது. அதனால் ஏப்ரல் சனிக்கிழமைகளுக்கு அடிபிடி. ஏப்ரலில் மாலை இடிமழையும் உண்டு. திறந்தவெளி என்றால் மின்னல் வந்தால் யார் நிறுத்த உத்தரவிடுவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

தாள்களின் வரிசை

வெளிநாட்டுக் கலைஞர் வருகிறார் என்றால் தொடர்புத் துறை அமைச்சின் கீழ் இந்த நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கும் புஸ்பால் அமைப்பின் ஒப்புதல் முதலில். அதற்கு அரங்கத்தின் உறுதிக் கடிதம் வேண்டும். முன்பணம் கட்டினால்தான் அரங்கம் கடிதம் தரும். கலைஞர் தரப்பும் முன்பணம் கேட்கும். ஆக, அனுமதி வருமுன்னே இரண்டு இடத்தில் பணம் மாட்டிக்கொள்கிறது. அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், தேதி மாற்றினால் அதே பணம் செல்லுமா என்ற இரண்டு வரியும் அரங்க ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து குடிநுழைவுத் துறையின் அனுமதிச் சீட்டு, 1992 கேளிக்கைச் சட்டத்தின் கீழ் மாநகர் மன்ற உரிமம், போலீஸ், தீயணைப்புத் துறைகளின் ஆதரவுக் கடிதங்கள், பாடல் உரிமைக் கட்டணம். கேளிக்கை வரியில் ஒரு நிம்மதி உண்டு. கூட்டரசுப் பிரதேசத்தில் 25 விழுக்காடாக இருந்தது, 2024 வரவு செலவுத் திட்டத்தோடு வெளிநாட்டுக் கலைஞரின் மேடை நிகழ்ச்சிக்கு 10 விழுக்காடாக இறங்கியது. உள்ளூர்க் கலைஞருக்கு முழு விலக்கு.

2023 ஜூலையில் சிப்பாங் இசை விழாவில் நடந்த சர்ச்சைக்குப் பிறகு, வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளில், மேடையில் விதிமீறல் நடந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அவசர சுவிட்ச் வேண்டும் என்றார்கள். அது எதைத் துண்டிக்கிறது என்பதைக் கவனியுங்கள். மேடை ஒலியும் ஒளியும் மட்டும் நிற்க வேண்டும். வழிகாட்டும் விளக்கும் அறிவிப்பு ஒலிவாங்கியும் வேறு இணைப்பில் இருக்க வேண்டும்.

பினாங்கில் தேர்வு எளிது, ஏனென்றால் தேர்வே குறைவு. பாயான் பாருவில் ஸ்பைஸ் அரங்கமும் அதை ஒட்டிய மாநாட்டு மையமும். பெருநிலத்தில் பத்து காவான் விளையாட்டரங்கம். கேளிக்கை வரி மாநில விவகாரம் என்பதால் கோலாலம்பூர் விழுக்காட்டை அங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி ரசிகர்களை நம்பித் தீவில் நடத்தினால் பாலத்து நெரிசலை மனத்தில் வைத்துக் கதவை முன்கூட்டியே திறக்க வேண்டும்.

கூட்டம் வருவதும் போவதும்

2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ரகுமான் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அதே கலைஞர் பாடிய புக்கிட் ஜாலிலில் எண்ணிட்ட இருக்கை, பல வாசல், அருகிலேயே எல்ஆர்டி நிலையம் எல்லாம் கட்டடத்தோடே வந்தன. வெற்று இடத்தை வாடகைக்கு எடுத்தால் இவற்றை நாமே உருவாக்க வேண்டும். மைடெக் போல வாசலில் ரயில் நிலையம் இல்லாத இடத்துக்கு இணைப்புப் பேருந்தும் வாடகைக் கார் நிற்கும் இடமும் செலவுப் பட்டியலில் ஏற வேண்டும்.

புக்கிட் ஜாலிலில் கணக்கைப் பின்னாலிருந்து போடுவது நல்லது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி. நீட்டிக்க, ரயிலை இயக்கும் ரேபிட் கேஎல்லிடம் கேட்கலாம், முன்பே கேட்க வேண்டும், உறுதி வரும்வரை அதை நம்பி நேரம் குறிக்கக் கூடாது. பத்தாயிரம் பேர் வாசல் தாண்டி, நடைபாதை கடந்து, நடைமேடையில் ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் கடைசிப் பாட்டு 10.45க்கு முடிய வேண்டும். மூன்று மணி நேர நிகழ்ச்சி என்றால் 7.45க்குத் தொடக்கம். மக்ரிப் தொழுகை நேரம் ஆண்டின் பெரும்பகுதியில் 7.30க்குள் வந்துவிடும், ஆகவே அது பொருந்துகிறது. டிக்கெட்டில் 7 மணி என்று அச்சிட்டு 8.30க்குத் தொடங்கும் நம் வழக்கம்தான் பொருந்தாது. சிறப்பு விருந்தினர் தாமதமானாலும் 7.45க்கு முதல் பாட்டு என்று நிகழ்ச்சி இயக்குநருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.